முதல் பக்கம் இல்லாத புத்தகங்கள்

அறிவுச்சுடர் சேனாதிபதி இறந்த அன்று கோடைக்கானலில் கடைகளை அடைத்தார்கள். அறிவுச்சுடர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. மகனுடைய கல்யாணப் பத்திரிகையில் அவரே அச்சிட்டுக்கொண்டார் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். எப்படியோ, ஒரு தடவை அச்சில் ஏறிய பட்டத்தை இறக்குகிற வழக்கம் நம் ஊர்களில் இல்லை.

பழனியில் அவர் குடும்பத்துக்கு யாத்திரிகர்கள் தங்கும் விடுதி இருந்தது. அந்த வருமானத்தில்தான் நாயுடுபுரத்தில், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களாவை வாங்கியிருந்தார். அதன் முன்கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள். அவற்றுக்குள் இரண்டாயிரம் புத்தகங்களாவது இருக்கும். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவையும் படிச்சிட்டீங்களா?" என்று கேட்பார்கள். அவர் கண்களை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் கேள்வி கேட்டதில்லை. ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவர்தான் தலைமை. பூச்செடிக் கண்காட்சியிலும் பேசுவார், காசநோய் ஒழிப்பு வாரத்திலும் பேசுவார். இரண்டும் ஒரே பேச்சுதான்.

காரியம் முடிந்ததும் மகன் வேலப்பன் பங்களாவை அளந்து பார்த்தான். முன்கூடத்தை மறித்துச் சுவர் எழுப்பினால் நாலு அறை தேறும். சீசனுக்கு வருகிறவர்கள் இடம் கிடைக்காமல் தவிக்கிறார்கள். குறுக்கே நின்றவை புத்தகங்கள்தான். பழைய காகிதக்காரனிடம் போட்டால் ஊர் ஒரு மாதிரி பேசும். அதனால் நகர வாசகசாலைக்குத் தானமாகக் கொடுத்தான். வாசகசாலைக் கூடத்துக்கு அப்பா பெயரை வைக்க வேண்டும், ஆள் உயர எண்ணெய்ப் படம் மாட்ட வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டான். வாசகசாலைத் தலைவர் டாக்டர் குமாரவேலும், செயலாளர் தலைமையாசிரியர் பவுல்ராஜும் கண் கலங்கி ஒப்புக்கொண்டார்கள். இருவரும் பெரியவரின் சிஷ்யர்கள் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை உள்ளவர்கள்.

அந்த வாசகசாலையில் நூலகராக இருந்தவள் லீமா. சென்னையில் போய் நூலகப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவள். சொந்த ஊர் அட்டுவம்பட்டி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் தற்காலிகம்தான். காரணம் அறிவுச்சுடர். அவளை நிரந்தரமாக்கலாமா என்று கமிட்டி கூடியபோது, "புத்தகத்துக்கு ஒரு காவலாளி போதுமே! படித்த பெண் எதற்கு?" என்று அவர் கேட்டார். கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. லீமா அங்கேதான், தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் இறந்த செய்தி வந்தபோது அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும்.

புத்தகங்கள் உருளைக்கிழங்கு லாரியில் வந்தன. நாயுடுபுரத்திலிருந்து ஏரிப்பக்கத்து வாசகசாலைக்கு வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் ஓட்டை. இறக்கும்போது பாதிக்கு மேல் ஈரம். லீமா கணப்பில் கரியைப் போட்டு, சுற்றிலும் புத்தகங்களை விரித்து வைத்துக் காயவிட்டாள்.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், மயிலும் வேலும் போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'இந்நூல் அறிவுச்சுடர் சேனாதிபதி அவர்களின் சொந்த உடைமை' என்று அதில் அச்சாகியிருந்தது. ஒட்டியது மைதாப் பசை. ஈரமும் சூடும் சேர்ந்ததும் சீட்டுகள் அப்பளம் மாதிரி சுருண்டு எழும்பின.

முதலில் எழும்பிய சீட்டின் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது. 'ப. பவுல்ராஜ், எம்.ஏ., எல்.டி.'

லீமா அதைக் கையில் எடுத்தாள். பெரியவர் இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்க மறந்து, தன் பெயரை மட்டும் மறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அவள் உதடு லேசாகப் பிரிந்தது. பிறகுதான் கையெழுத்துக்குக் கீழே கண் போயிற்று. பவுல்ராஜ் தன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு அடியில், மறைந்தும் மறையாமலும், ஊதா மையில் அவர் வேலை பார்க்கும் பள்ளியின் முத்திரை. 'மாணவர் நூலகம். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

லீமா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கணப்புக்குக் கரி போடுவதை நிறுத்தவில்லை. காயாத புத்தகங்களைக் காயவைத்தது போக, நனையாத புத்தகங்களையும் கெட்டில் ஆவியில் காட்டினாள். சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. ஊரே உள்ளே இருந்தது. வக்கீல் வீட்டுப் புத்தகம், போஸ்ட் மாஸ்டர் புத்தகம், ஊருக்குப் போன துரைமார் புத்தகம், பாதிரியாரிடம் வாங்கியது, பாதிரியாரே இன்னொருவரிடம் வாங்கி வைத்திருந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் ஒரே ஒரு புத்தகம் கொடுத்ததாக நினைத்து, போனால் போகிறது, பெரிய மனிதர் என்று விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டது சேர்ந்துதான் இரண்டாயிரம்.

மதுவிலக்குப் பிரசாரகரும் கமிட்டி உறுப்பினருமான உபகாரம் ஐயாவின் புத்தகம் ஒன்று கிடைத்தது. குடியின் கேடுகளைப் பற்றியது. நடுவில் அடையாளத்துக்காக வைத்திருந்தது பிராந்தி வாங்குகிற பெர்மிட். அதிலும் உபகாரம் ஐயாவின் பெயர்தான் இருந்தது.

இன்னொன்றையும் லீமா கவனித்தாள். வெளிநாட்டில் அச்சான பழைய புத்தகங்களில் தாள்கள் விளிம்பில் ஒட்டியே வரும், படிக்கிறவர் கத்தியால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். அறிவுச்சுடர் அடிக்கடி மேற்கோள் காட்டும் தடித்த தத்துவப் புத்தகத்தில் முன்னுரை மட்டும் பிரிந்திருந்தது. மிச்சம் கன்னித்தாளாக இருந்தது.

மறுநாள் அவள் பவுல்ராஜ் வீட்டுக்குப் போனாள். உள்ளதைச் சொன்னால், அவள் நல்ல எண்ணத்தோடு போகவில்லை. பெரியவரின் பெயர் கிழிவதைக் கூட இருந்து பார்க்க ஆசைப்பட்டாள்.

"சார், உங்க புத்தகம் ஒண்ணு கிடைச்சிருக்கு."

பவுல்ராஜ் அட்டையைப் பார்த்ததும் துள்ளினார். "அடடா! எத்தனை வருசமாத் தேடறேன் இதை! ஒரு பார்வை பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போன மனுசன்..." என்று சொல்லிக்கொண்டே திறந்தார். முத்திரை தெரிந்தது. முகம் விழுந்துவிட்டது. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"இது என்னோடது இல்லை, லீமா."

"உங்க கையெழுத்துதானே சார்?"

"இந்த மலையில எத்தனை பவுல்ராஜ் இருக்கான்!"

"எம்.ஏ., எல்.டி.ன்னு போட்டிருக்கே சார்?"

"படிச்சவங்க பெருகிட்டாங்கம்மா" என்றார் பவுல்ராஜ், வருத்தமாக. பிறகு வாசல் வரை வந்து, "குளிர்ல நடந்தா வந்தே? காபி சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

டாக்டர் குமாரவேலின் புத்தகம் ரோஜா வளர்ப்பைப் பற்றியது. முதல் பக்கத்தில் நீல மையில், ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில் நாலு வரி இருந்தது. 'என் இதயத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கு. படகில் போன மாலைகளின் நினைவாக. உங்கள் மேபெல்.' மேபெல் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து சீமைக்குப் போனவள். லீமா அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்க சார்."

"இங்கிலீஷ்ல இருக்கே. உனக்குப் புரிஞ்சுதா?"

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க சார்."

"ஒரு பேஷண்ட்" என்றார் டாக்டர். லீமா தலையை ஆட்டினாள். "கிரேட்ஃபுல் பேஷண்ட்" என்றார் மறுபடியும்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சண்முகசுந்தரி, "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டார். மாதர் சங்கத் தலைவி அவர். கணவன் சட்டைப்பையிலிருந்து காகிதக் குப்பை வரை நாள்தோறும் சோதித்துத்தான் வெளியே போடுவார். டாக்டர் புத்தகத்தை லீமாவின் பைக்குள் திணித்தார்.

"வீட்டுல வேண்டாம். லைப்ரரியிலயே இருக்கட்டும். மேல் தட்டுல, நல்லா உள்ள தள்ளி."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் லீமாவின் வேலை நிரந்தரமாயிற்று. பவுல்ராஜ் முன்மொழிந்தார், டாக்டர் வழிமொழிந்தார். உபகாரம் ஐயா ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட அடக்கமான பெண்ணை வாசகசாலை பெற்றது கர்த்தருடைய கிருபை என்றார். 'அடக்கமான' என்ற சொல்லை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

லீமாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வக்கீல் வீட்டிலிருந்து ஒரு கூடை பேரிக்காயும் போஸ்ட் மாஸ்டர் வீட்டிலிருந்து பிளம்ஸ் ஜாமும் வந்தபோதுதான் விளங்கியது. சீட்டுகள் கழன்ற செய்தி கசிந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஊர் பயப்படுகிறது. அவள் ஒருவரையும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாங்களாகவே பயந்துகொண்டு, தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஜாம் நன்றாக இருந்தது.

மீதிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள், படம் போட்ட மிருகக் கதைப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. சிறுபிள்ளைகள் படிப்பது. அறிவுச்சுடரின் சேர்க்கையில் இது எப்படி என்று சீட்டை உரித்தாள். அடியில் அச்சடித்த பரிசுத் தாள். 'பாலசமுத்திரம் பெண்கள் பாடசாலை. நாலாம் வகுப்பு. வாசிப்பில் முதல் பரிசு.' அதன் கீழே கையால் எழுதிய பெயரை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது பள்ளமாகத் தெரிந்தது. 'சிவபாக்கியம்.'

அது அறிவுச்சுடரின் மனைவியின் பெயர். அந்த அம்மாளுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று பெரியவர் மேடையிலேயே சொல்லுவார். "எனக்கு வாய்த்தது ஒரு வெற்றுத் தாள்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். லீமாவும் அந்தச் சிரிப்பில் ஒரு தடவை சேர்ந்திருக்கிறாள்.

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாயுடுபுரத்துக்கு நடந்தாள்.

பங்களாவில் கொத்தனார்கள் இருந்தார்கள். வேலப்பன் முன்கூடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறை பிரித்துக்கொண்டிருந்தான். "அம்மாவையா பாக்கணும்? அடுப்படியில இருக்கும். படத்திறப்பு விழாவுக்கு வரணும்னு நல்லா எடுத்துச் சொல்லும்மா. எழுதிக் காட்டினா ஒண்ணும் விளங்காது" என்றான்.

சிவபாக்கியம் அடுப்பங்கரையில் துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பைக் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். ஏதோ பழைய பத்திரிகைத் தாள். லீமா நின்றதைப் பார்த்ததும் கசக்கி அடுப்பில் போட்டார்.

லீமா புத்தகத்தை நீட்டினாள். சிவபாக்கியம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பரிசுத் தாளை வெகு நேரம் பார்த்தார்.

"இது எங்க கெடந்துச்சு தாயி?"

"அய்யா புத்தகத்தோட இருந்துச்சும்மா. நீங்க படிப்பீங்களா?"

"கல்யாணமான புதுசுல இதைக் கையில வச்சிருந்தேன். அவரு வாங்கிப் பாத்தாரு. அவருக்குப் பரிசுன்னு ஒண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் குடுத்ததில்லை போல. மறுநாள் அலமாரியில ஏறிருச்சு. சாவி அவரு இடுப்புல." சிவபாக்கியம் அடுப்பைப் பார்த்தார். "அம்புட்டுப் பொஸ்தகம் இருந்த வீட்டுல, நாப்பது வருசமா நான் படிச்சது பலசரக்குக் கடைப் பொட்டலந்தான். பாதிக் கதை படிச்சிருப்பேன், மீதி அடுத்த வீட்டு மொளகாயைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கும்."

"எடுத்துக்கிடுங்கம்மா. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

சிவபாக்கியம் புத்தகத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இங்க வச்சு வேண்டாம். என்னை மேடையில ஏத்தப் போறாகளாம்ல? அங்க வச்சுக் குடு. வெத்துத் தாளுன்னு அவரு சொன்னது சபையில வச்சுத்தானே?"

சித்திரையில், சீசன் கூட்டம் நிறைந்திருந்தபோது விழா நடந்தது. எண்ணெய்ப் படத்தில் அறிவுச்சுடர் கையில் புத்தகத்தோடு நின்றார். படம் வரைந்தவர் புத்தகத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டார் என்பதை விழா முடிகிற வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. பேசியவர்கள் எல்லாரும் பெரியவர் தங்களுக்குப் புத்தகம் கொடுத்து வளர்த்ததாகப் பேசினார்கள். உபகாரம் ஐயா, "வாங்கத் தெரியாதவர், கொடுக்கத்தான் தெரிந்தவர்" என்று சொன்னபோது கைதட்டல் கூரையைத் தொட்டது.

கடைசியில் சிவபாக்கியத்தை அழைத்தார்கள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "எதுன்னாலும் சரிம்மா" என்று வேலப்பன் காதில் சொன்னான். லீமா மிருகக் கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் இரண்டு கைகளையும் ஏந்தினார். சிவபாக்கியம் கொடுக்கவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தார். ஒலிபெருக்கி அருகில் இருந்தது.

"பாலசமுத்திரம் பெண்கள் பாடசாலை" என்று எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல் வாசித்தார். "நாலாம் வகுப்பு. வாசிப்பில் முதல் பரிசு. சிவபாக்கியம்."

கூட்டத்தில் ஒருவர் இருமுவது கேட்டது.

"அம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றான் வேலப்பன், மேடையிலேயே.

"தெரியாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. அவரு சொன்ன பெறகு இந்த ஊருல மறுபேச்சு உண்டா?" சிவபாக்கியம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இது எம் பொஸ்தகம். நான் கொண்டு போறேன். உங்க பொஸ்தகம் இருந்தா நீங்களும் எடுத்துக்கிடுங்க. எல்லாம் உங்க வீடுகள்ல இருந்து வந்ததுதான். கோட்டுப் பையில ஒண்ணு, குடைக்குள்ள ஒண்ணுன்னு கொண்டாருவாரு. பசை காய்ச்சிக் குடுத்தது நாந்தானே? டாக்டரய்யா, அந்த ரோசாப்பூ பொஸ்தகம் உங்களதுதானே? கூச்சப்படாம எடுத்துக்கிடுங்க."

முன் வரிசையில் சண்முகசுந்தரி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த ரோசாப்பூ?" என்றார்.

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. ஒருவர் எழுந்து, 'ஆமாம், என் புத்தகமும் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் போதும். லீமா வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். போஸ்ட் மாஸ்டர் செருப்பைத் தேடினார். எல்லாரும் படித்தவர்கள். எந்தச் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவரவருக்குத் தெரியும்.

பவுல்ராஜ் எழுந்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

"சபையோர்களே! இன்று ஒரு மாபெரும் உண்மை வெளிப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத தம் துணைவியாருக்கு, யாருக்கும் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே எழுத்தறிவித்திருக்கிறார் நம் அறிவுச்சுடர்! வலது கை கொடுத்ததை இடது கைக்குச் சொல்லாத மகான்!"

கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. சில பேர் எழுந்து நின்றே தட்டினார்கள். அழுதவர்களும் உண்டு. சிவபாக்கியம் ஏதோ சொன்னார், உதடு அசைந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். லீமா பின்னாலேயே ஓடிப்போய் வாசலில் பிடித்தாள்.

"அம்மா, ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையேம்மா!"

"அவுகளுக்கு மறைக்க ஒண்ணு இருக்கு தாயி, எனக்கு இல்லை. எனக்கு என் சோலி முடிஞ்சிருச்சு. பஸ் போறதுக்குள்ள நான் வெரசாப் போகணும்" என்றார் சிவபாக்கியம். முகத்தில் வருத்தம் இல்லை. பாலசமுத்திரத்தில் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்று பின்னால் தெரிந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்குகிற வளைவுகளில் எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மட்டும் தலையைத் தூக்காமல் நரிக்கதை படித்துக்கொண்டு போனாராம்.

விழாவுக்கு அடுத்த வாரத்திலிருந்து வாசகசாலைக்கு இதுவரை வராதவர்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக, ஆள் இல்லாத மத்தியான வேளையில். "அய்யா நினைவா ஒரு புத்தகத்தைப் புரட்டிட்டுப் போகலாம்னு" என்பார்கள். குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்பார்கள். ஜன்னலோரம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள். சிறிது நேரத்தில் தாள் கிழிகிற மெல்லிய சத்தம் வரும், உடனே ஒரு பெரிய இருமல் வரும். டாக்டர் ஆபரேஷன் கத்தி கொண்டுவந்தார், அவர் வேலை சுத்தமாக இருந்தது. லீமா தலை நிமிராமல் தன் வேலையைப் பார்த்தாள். சிவபாக்கியத்துக்கு இல்லாத கவலை தனக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

முதல் பக்கங்கள் போன பிறகு பயமும் போயிற்று. பேரிக்காய் வருவது நின்றது, ஜாம் நின்றது, கணப்புக்குக் கரியும் பாதியாகக் குறைந்தது. கடைசியில் கமிட்டி கூடி லீமாவை நிறுத்திக் கேட்டது.

"அறிவுச்சுடர் தானமாக் கொடுத்த புத்தகங்கள்ல பாதிக்கு மேல முதல் பக்கமே இல்லையாமே? நீ என்ன பாத்துக்கிட்டு இருந்தே?" என்றார் டாக்டர்.

"பொறுப்பு உன்னோடதுதானே?" என்றார் பவுல்ராஜ். நிரந்தரமானவளை எப்படி விலக்குவது என்று அவர் விதிமுறைகளைப் புரட்டி வைத்திருந்தார்.

லீமா ஒவ்வொருவரையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாரும் வந்த நாள் நினைவிருந்தது, உட்கார்ந்த நாற்காலியும் நினைவிருந்தது. அவர்களும் அவள் கண்ணைப் பார்த்தார்கள். உபகாரம் ஐயா மட்டும் ஜெபத்தில் இருப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எலிங்க சார்" என்றாள் லீமா.

"எலியா?"

"ஆமாங்க சார். பெரிய எலிங்க. மத்தியானத்துல வருது. பேரு எழுதியிருக்கற பக்கமாப் பாத்துத் தின்னுட்டுப் போயிருது. எந்த எலின்னு கமிட்டிக்குத் தெரியணும்னா சொல்லுங்க, ஒவ்வொண்ணா அடையாளம் காட்டறேன்."

டாக்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"இந்த மலைக் குளிருக்கு எலித் தொல்லை ஜாஸ்திதான்" என்றார்.

"எங்க வீட்டுலயும் இருக்கு" என்றார் வக்கீல்.

இரண்டு எலிப்பொறி வாங்குவதென்று பவுல்ராஜ் முன்மொழிய, டாக்டர் வழிமொழிய, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொறிக்கு வைக்கத் தினம் ஒரு மசால்வடைக்கும் ஒப்புதல் கிடைத்தது. வாசகசாலையில் எலி எதுவும் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு வடை சூடாக வரும். லீமா அதைத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வேலையைத் தொடருவாள்.